மழை மாதத்துக்கு ஒரு குரல்

தேனாம்பேட்டையில் இருக்கும் என் அலுவலகத்துக்கும் மந்தைவெளி வீட்டுக்கும் இடையே பேருந்தில் போய் வரும்போதுதான் நான் புத்தகம் கேட்கப் பழகினேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை. காலை நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை விரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் சேர்ந்திருக்கும் ஒரு செல்போன் குழுவில் சில தன்னார்வலர்கள், எழுதியவரிடம் அனுமதி வாங்கிய தமிழ்ப் புத்தகங்களை வீட்டிலிருந்தபடியே வாசித்துச் செல்போனில் பதிவு செய்கிறார்கள். கேட்பவர்களில் பலருக்குப் பார்வை இல்லை. மற்றவர்கள் வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், என்னைப் போல நின்றுகொண்டே ஊர் சுற்றுகிறவர்கள்.

வருகிற பதிவை எல்லாம் நான் கேட்டுவிடுகிறேன் என்று தெரிந்ததும், குழுவை நடத்துகிற அம்மா ஒரு வேலையை என் தலையில் கட்டினார். அடையாறில் இருக்கிறார், பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். "எதைக் கேக்கறதுன்னு தெரியாம எல்லாரும் முழிக்கறாங்கம்மா. மாசத்துக்கு ஒரு தலைப்பு வை. அதுக்குத் தகுந்த மாதிரி நாலஞ்சு புக் சொல்லு. எழுதி அனுப்பாத, பேசி அனுப்பு" என்றார்.

அப்படித் தொடங்கியது. மாதக் கடைசி ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசிப் பதிவு செய்வேன். ஒரு மாதம் சமையலறை, ஒரு மாதம் பள்ளிக்கூடம், ஒரு மாதம் கடன்காரர்கள். தலைப்பு வைப்பது எளிதாக இருந்தது. எந்தப் புத்தகத்தை முதலில் சொல்வது என்பதுதான் கஷ்டம். முதலில் சொல்வதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மற்றதெல்லாம் பிறகு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டபோது, அந்த மாதத்துக்கு மழையையே தலைப்பாக வைத்தேன். முதலில் சொன்னது ஒரு நாவல். பெருமழையில் தண்டவாளம் மூழ்கி, நடுவழியில் நின்றுபோன ஒரு ரயிலில் மாட்டிக்கொண்ட பயணிகளின் கதை. அதை வாசித்தவர் ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். என் வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாதபோது, பட்டறையின் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். சண்டை போடுகிற மாமியாருக்கு ஒரு குரல், டிக்கெட் இல்லாமல் ஏறியவனுக்கு ஒரு குரல். ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டே நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுத் திரும்பி நடந்தேன். அதனால்தான் முதலிடம் கொடுத்தேன்.

அவருக்கு ழகரம் வராது. மழை என்று வரும் இடமெல்லாம் மளை என்பார். ரயிலை நிறுத்திய மழை அந்த நாவலில் பக்கத்துக்குப் பக்கம் பெய்துகொண்டிருந்தது. எனக்கு அது முதல் அத்தியாயத்தோடு பழகிப்போய்விட்டது. மற்றவர்களுக்கும் பழகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வாரமே குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒரு பெரியவர். சின்ன வயதிலேயே பார்வை போனவர்.

"வாசிக்கறவர் ரொம்ப நன்னா வாசிக்கறார், அதுல சந்தேகமில்லை. ஆனா மழையை மளைங்கறார். நீங்கள்ளாம் எழுத்தைக் கண்ணால பாத்து வெச்சிண்டிருக்கேள். காதுல தப்பா விழுந்தாலும் மனசுல திருத்திப்பேள். எங்களுக்கு எழுத்தே காதுலதான் இருக்கு. அங்க தப்பா விழுந்தா தப்பாவே தங்கிடும். பார்வை இல்லாத குழந்தைகளும் இதைக் கேட்டுண்டுதானே இருக்கா."

கோபமே இல்லாமல் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த மரியாதையைக் காட்டவில்லை. ஒருவர் சிரிக்கும் பொம்மையைப் போட்டார். இன்னொருவர், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விட்டால் இப்படித்தான், பதிவை எடுத்துவிடுங்கள் என்று எழுதினார்.

மறுநாள் பட்டறைக்காரரே எனக்குப் போன் செய்தார்.

"நா ஒண்ணும் தப்பா எடுத்துக்கல மேடம். அந்த ஐயா சொல்றது கரீட்டுதான். சின்ன வயசுலேர்ந்தே அந்த எழுத்து என் நாக்குல நிக்காது. ஸ்கூல்ல அடி வாங்கியும் வரல. வேற யாராச்சும் படிக்கட்டும். வேற எதுனா வேலை கீதுன்னா சொல்லுங்க, செய்றேன்."

"நீங்க நல்லாத்தான் வாசிக்கிறீங்க" என்றேன்.

"இருக்கட்டும் மேடம்" என்று வைத்துவிட்டார்.

அடையாறு அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பதிவைக் குழுவுலேர்ந்து எடுத்துடலாம்மா. வேற ஒருத்தரை விட்டு வாசிக்கச் சொல்வோம். அந்தப் பெரியவர் சொல்றதும் நியாயந்தானே?"

நியாயம்தான். அதுதான் என்னை அரித்தது. பெரியவர் சொன்னது தப்பென்றால் வாதாடியிருப்பேன். பட்டறைக்காரர் கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லை. நான் முதலில் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவு பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்திருக்கும், பிடித்தவர்கள் கேட்டிருப்பார்கள், அவரும் அடுத்த ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை வரைக்கும் பதிவை எடுக்காமல் வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வயதான ஆணின் குரல்.

"மாசாமாசம் புத்தகம் சொல்றவங்க நீங்கதானே? அந்த ரயில் கதை விஷயமா உங்களப் பாக்கணும். தி. நகர்லதான் இருக்கோம். நாளைக்கு வர முடியுமா? போன்ல சொன்னா சரியா வராது."

இன்னொரு புகார் என்றே நினைத்தேன். போனில் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய புகார். வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் பரிந்துரையால் வந்த வினை, நேரில் போய் வாங்கிக்கொள்வதுதான் முறை என்று தோன்றவே ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை அரைநாள் அலுவலகம் முடிந்து பனகல் பார்க் பக்கம் இறங்கியபோது தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. செருப்பெல்லாம் சேறு. பழைய அடுக்குமாடி வீடு, முதல் மாடி. கதவைத் திறந்தவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அப்படியே வாங்க" என்றார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரிப் பின்னியிருந்தது. வலது கை மடியில் அசைவில்லாமல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, "இல்ல" என்றார்.

"உக்காருங்கன்னு சொல்றா" என்றார் கணவர்.

கோடைக்காலத்தில் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது. வெளியே வருவது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் இல்ல, ஜன்னலைத் திற என்றாலும் இல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார். இந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

"இவ பெண்கள் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர்" என்றார் அவர். "ஆப்பிள் படத்தக் காட்டி இதென்னன்னு கேட்டா யாருக்குத்தான் கோவம் வராது, சொல்லுங்க."

பகலில் பொழுது போவதற்காக எங்கள் பதிவுகளைப் போட்டுவிடுவாராம். ரயில் கதையைப் போட்ட அன்று, மனைவி வாய்க்குள் ஏதோ முனகுவதைப் பார்த்திருக்கிறார். கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நிறுத்தப்போனால், இடது கையால் அவர் கையைத் தட்டிவிட்டாராம்.

"இப்ப பாருங்க" என்று சொல்லி, சின்ன ஒலிபெருக்கியை இயக்கினார்.

பட்டறைக்காரரின் குரல் அறையை நிறைத்தது. ரயில் கிளம்புமா என்று ஒரு பெண் கேட்கிறாள். கார்டு வெளியே எட்டிப் பார்க்கிறார். "மளை விட்டபாடில்லை" என்று வாசித்தார் அவர்.

அந்த அம்மாவின் புருவம் சுருங்கியது. உதடுகள் கூடின. கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "மழை" என்றார்.

தெளிவாக வந்தது. ழகரம் நாக்கின் நுனியில் உருண்டு, அது நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. வகுப்பில் தப்பாக வாசித்த பெண்ணைத் திருத்துகிற குரல் அது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சேற்றுச் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். பயந்துகொண்டு வந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மழையில ஆரம்பிச்சா" என்றார் அவர், திரும்பாமலே. "நேத்து கிழவின்னு சொன்னா, வாழைப்பழம்னு சொன்னா. அந்தப் பயிற்சி கொடுக்கற பொண்ணுகிட்ட சொன்னேன். விடாதீங்க சார், இந்த வழியாவே போவோம்னுச்சு. குழுவுல யாரோ பதிவ எடுக்கணும்னு பேசறாங்களே, எடுத்துடாதீங்கன்னு சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டேன். வாசிச்சவருக்கு நன்றி சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. உங்க தப்புக்கு ரொம்ப நன்றின்னா சொல்ல முடியும்?"

நான் அங்கிருந்தே பட்டறைக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் வைத்தேன். பின்னால் லேத் ஓடும் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு நிமிசம் மேடம்" என்றார். சத்தம் அடங்கியது.

"அந்தம்மா பேசினாங்களா?"

"பேசினாங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"நா தப்பா சொன்னதாலயா?"

"ஆமாம்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "அம்மா, நா சொல்லிப் பாக்கட்டுமா? மளை."

"மழை" என்றார் அந்த அம்மா.

"மளை."

"ழை."

"ளை. இன்னாம்மா பண்றது, வர மாட்டேங்குது."

அந்த அம்மா இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். வகுப்பில் மேசையைத் தட்டியிருப்பார் போல. திரும்பவும் "ழை" என்றார். பட்டறைக்காரர் திரும்பவும் "ளை" என்றார். இப்படியே போனது. கணவர் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு நிற்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மனைவி அவரை முறைத்தார். பாடம் நடக்கும்போது சிரிப்பதா என்கிற முறைப்பு.

திங்கட்கிழமை பதிவை யாரும் எடுக்கவில்லை. அந்தக் கணவர் தானே குழுவில் பேசி, நடந்ததைச் சொன்னார். சிரிக்கும் பொம்மை போட்டவர் அதை எடுத்துவிட்டார். மயிலாப்பூர்ப் பெரியவர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். "நான் சொன்னது தப்பில்லை. ஆனா இதுவும் இருக்கட்டும். அவரோட நம்பர் தரேளா? நாக்கை எங்க வெச்சுக்கணும்னு சொல்றேன். பாட்டு சொல்லிக்கறவாளுக்கும் இது வராது, பழக்கினா வந்துடும்" என்றார். கொடுத்தேன். ரயில் கதைக்கு முன்னால், இதில் ழகரம் ளகரமாக ஒலிக்கும் என்று என் குரலில் ஒரு வரியைச் சேர்த்தோம். பெரியவர் கேட்ட நியாயத்துக்கு எங்களால் முடிந்தது அது.

அடுத்த மாதத்துக்குத் தோழிகள் என்று தலைப்பு வைத்தேன். அடையாறு அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். "ழ வர தலைப்பாப் பாத்து வைக்கறியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பட்டறைக்காரர் இப்போதும் வாசிக்கிறார். ழகரம் சில வாரம் வரும், சில வாரம் வராது. கதை சூடு பிடிக்கும் இடத்தில் கட்டாயம் வராது. பெரியவர் கேட்டுவிட்டு எங்கெங்கே சறுக்கியது என்று அவருக்குச் சொல்வார். பாட்டு வகுப்புக்கு நடுவே இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் நான் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது தி. நகரிலிருந்து அந்தக் கணவர் அழைத்தார். புதிய பதிவில் தவறுகள் குறைந்துவிட்டதால் மனைவிக்குத் திருத்த ஆளில்லாமல் போய்விட்டதாம், அதனால் இப்போது கணவரையே திருத்துகிறாராம். "எனக்கும் ழ சரியில்லையாம். கல்யாணம் ஆன நாளா இருந்திருக்கு, இப்பத்தான் சொல்றா" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "காபி. சக்கரை. கம்மி" என்றது.

"வெச்சுடட்டுமா? காபி கேக்கறா" என்றார்.

வையுங்கள் என்றேன். பேருந்து மந்தைவெளி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. இறங்கி, குடை இருந்தும் விரிக்காமல் தூறலிலேயே வீட்டுக்கு நடந்தேன்.