மஞ்சள் விளக்குக் கேபிள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நெட்வொர்க் முழுக்க என் பொறுப்பில் இருந்த காலம். கம்ப்யூட்டர்களும் பிரிண்டர்களும் செருகியிருந்த ஆபீஸ் ஸ்விட்சையும் பேக்கிங் ஹால் ஸ்விட்சையும் ஒரே கேபிள்தான் இணைத்தது. இரண்டாவது ஒன்றை நானே இழுத்தேன். முதலாவது கூரையோடு போனதால் இதைக் குடோன் சுவரோடு கொண்டுபோனேன். ஒரே வழியில் போனால் ஒரே எலி இரண்டையும் கடித்துவிடும். முதல் கேபிள் அறுந்தால் இது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். அதுவரை சும்மா காத்திருக்கும்.

அந்தச் சும்மா இருப்பதுதான் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ஸ்விட்சில் அதற்கான விளக்கு பச்சையாகாமல் மஞ்சளாகவே நிற்பதைப் பார்த்து, வீண் என்று பிடுங்கிப் போட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேக்கிங் ஹாலில் அவர் கண் முன்னாலேயே அதைத் திரும்பச் செருகினேன். மஞ்சள் வந்ததும் முதல் கேபிளை உருவினேன். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரிண்டர் நின்றது. அவர் முகம் வெளிறியது. நான் உருவிய கேபிளைப் பிடித்தபடி நின்றேன். ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள் பச்சையானது, பிரிண்டர் மறுபடி ஓடியது.

“அப்போ இது ஒண்ணே போதுமே. மொத கேபிள் இன்னாத்துக்கு?” என்றார்.

பக்கத்தில் ஏற்றுமதிக்குப் போகும் ஷூ பெட்டி ஒன்று திறந்திருந்தது. ஒவ்வொரு ஜோடியோடும் நாங்கள் வைத்து அனுப்பும் உபரி லேஸ் உள்ளே இருந்தது. அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

“யோவ், ஷூவுல இருக்கிற லேஸ் அறுந்துட்டா வாங்குனவன் இன்னாய்யா பண்ணுவான்?” என்று கத்தியவரின் கண் என் கையிலிருந்த கேபிள்மேல் விழுந்தது.

குனிந்து லேஸை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு அந்த முதல் கேபிளை வாங்கி, அவரே செருகினார்.