ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வரி

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் என் மனைவியின் இரண்டு விரல்கள் நசுங்கிய பிறகு, நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுக்கத் தேனிக்குப் போனேன். தொழிலாளர் அலுவலக வராந்தா பெஞ்சில் ஊன்றுகோலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. புதிதாக யார் வந்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பது அவர் வழக்கம்.

என்னுடையதையும் படித்தார். “வீட்டு கிரைண்டர்ல கை சிக்குச்சுன்னு போட்டிருக்கே?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மில் சூப்பர்வைசர்.

“எனக்கும் இதேதான்” என்றார் அவர். “மில்லுல பஞ்சுப் பொதி சரிஞ்சு கால் போச்சு. மயக்கத்துல கெடந்தேன். கூட வந்த மில்லுக்காரவுக பேச்ச நம்பி, பைக்ல விழுந்ததா எழுதிட்டாக. இன்னும் அலையிறேன். நீங்க இன்னைக்கே வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போயித் திருத்துங்க.”

போனோம். டாக்டர் அவளிடமே கேட்டுத் திருத்திக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தவர்களை அழைத்து ஒரு கூட்டம். நஷ்டஈட்டு முறையில் என்ன மாற்றலாம் என்று அதிகாரி கேட்டார். ஊன்றுகோல்காரர் எழுந்தார். “எப்படி அடிபட்டுச்சுன்னு அடிபட்டவுகளக் கேட்டு எழுதச் சொல்லுங்க சார்.”

“அது ஆஸ்பத்திரி விஷயம். நம்ம ஆபீஸ் சம்பந்தமா ஏதாவது சொல்லுங்க” என்றார் அதிகாரி.

அவர் ஊன்றுகோலால் வெளியே காட்டினார். “அப்ப வராந்தாவுல இன்னொரு பெஞ்சு போடுங்க. வர்றவுக கூடிக்கிட்டே இருக்காக” என்றார்.

கோபத்தில் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதிகாரி அதை மட்டும் எழுதிக்கொண்டார்.