அக்காவின் சக்கர் மீனும் என் சுரைக்காயும்

முழங்கால் அறுவை சிகிச்சைக்காக அக்கா பெங்களூருவில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பியபோது, மாரிகுப்பத்தில் அவள் வீட்டிலிருந்த மீன் தொட்டி ஆட்டோ ஏறி ஆண்டர்சன்பேட்டைக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தொட்டி பின்சீட்டில். மீன்கள் மூடி போட்ட பக்கெட்டில். பக்கெட் என் தொடைகளுக்கு நடுவில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கை தண்ணீர் என் பேன்ட்டில் விழுந்தது. வீட்டு வாசலில் நான் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

பக்கெட்டில் மூன்று தங்கமீன்கள், ஒரு சக்கர். சக்கர் என்பது கறுப்பாக, தகரத்தைப் போர்த்தியது போன்ற முதுகோடு, வாயைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். இது ஒரு சாண் நீளம், எட்டு வருடத்துப் பழக்கம். அத்தான் போன பிறகு அந்த வீட்டில் அக்கா பேசுவதற்கென்று இருந்த ஒரே ஆள் அதுதான். காலையில் காபி டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து பால் விலையிலிருந்து மருமகள் வரை எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவாள். அது எதிர்த்துப் பேசாது. எங்கள் குடும்பத்தில் அப்படி இன்னொரு ஆள் கிடையாது.

கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "தங்கமீனுக்குக் காலையில ஒரு சிட்டிகை, சாயந்தரம் ஒரு சிட்டிகை. சக்கருக்கு ஒண்ணும் போட வேணாம், அது பாட்டுக்கு சுரண்டித் தின்னுக்கினு கெடக்கும். இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

"அதுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, ஆபரேஷன் பண்ண கால வெச்சே உன்ன உதைப்பேன்."

இப்போது என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். ஒரு பாகத்தின் மேல் கீறலோ கறையோ இருந்தால் அது என்னைத் தாண்டிப் போகாது. இருபத்தைந்து வருடமாக இதே வேலை. கண் கெட்டுவிட்டது, அழுக்கு மட்டும் தெரியும். அக்காவின் தொட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் எனக்கு முதலில் தெரிந்தது நான்கு கண்ணாடியிலும் படிந்திருந்த பச்சை. பாவம், முழங்கால் வலியோடு எப்படித் தேய்ப்பாள் என்று நினைத்தேன். என் கண்ணே கலங்கியது.

தேய்த்தேன். ஸ்பாஞ்ச் வைத்துத் தேய்த்தேன், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலைகளைக் குடைந்தேன். கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வேலை. வெயில் பட்டால் பாசி வருமாம் என்று யாரோ சொல்ல, தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி டியூப்லைட்டுக்குக் கீழே மாற்றினேன். வந்தவர்கள் எல்லாம், "தொட்டியில தண்ணி கீதா இல்லியான்னே தெரியல சார்" என்றார்கள். எனக்குச் சட்டை ஒரு சைஸ் சின்னதாகிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு அற்புதத்தைப் பார்த்தேன். சக்கர், பெரிய தங்கமீனின் விலாவில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கமீன் அதைச் சுமந்தபடி தொட்டியைச் சுற்றி வந்தது. என்ன ஒரு பாசம்! உடனே படம் எடுத்து, 'தாயும் சேயும்' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினாறு பேர் இதயம் போட்டார்கள். அக்காவுக்கு அன்றுதான் அறுவை சிகிச்சை என்பதால் அவள் பார்க்கவில்லை. அதை இப்போதும் கடவுள் கருணை என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை தங்கமீன் தீனி வாங்க, கடைத்தெருவில் இருக்கும் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரரிடமும் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், பட்டினி போட்டுக்கீறீங்க?"

"யாரை?"

"இத்த. இது பாசம் இல்ல சார். பசி. தொட்டியில நக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் தங்கமீன் மேல கீற வழவழப்ப உறிஞ்சுது. கண்ணாடிய தேச்சீங்களா?"

"நல்லா தேச்சேன்" என்றேன், இன்னும் பாராட்டு வரும் என்ற நம்பிக்கையில்.

"அது சோத்துத் தட்டு சார். தினம் தட்டக் கழுவி வெச்சிட்டு, சோறு போடலன்னா எப்டி?"

வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். ஸ்கூட்டரைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டேன், அதைப் பிறகு என் மனைவி போய் எடுத்து வந்தாள். சக்கர் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கடைக்காரர் சொன்னபடி அடிப்பக்கம் பார்த்தேன். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரண்டிக்குழி இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், அப்போதும் குழிதான். தொழில் புத்தி, வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து அளக்கப் போனேன்.

மனைவி பின்னாலிருந்து, "அளந்து இன்னா பண்ணப் போறீங்க, ரிஜெக்ட் சீட்டு ஒட்டப் போறீங்களா?" என்றாள்.

கடைக்காரர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, அடியில் மூழ்கும் மாத்திரைத் தீனி. போட்டேன். அது பாதி ஆழம் இறங்குவதற்குள் மூன்று தங்கமீன்களும் பாய்ந்து முடித்துவிட்டன. சக்கர் தொட்டிக்குள் கிடந்த மரத்துண்டுக்கு அடியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வழி, சுரைக்காய். வட்டமாக நறுக்கி, உப்புப் போடாமல் லேசாக வேகவைத்து, ஆறவிட்டுப் போட வேண்டும். மறுநாள் விடிந்ததும் அதைச் செய்தேன். போட்டால், மிதக்கிறது. அழுத்தினால் அடியில் போகிறது, விட்டால் மேலே வருகிறது. சக்கர் தரையில் வாழ்கிற ஆள். சோறு கூரையில் தொங்குகிறது.

கனம் வேண்டும். என் கருவிப் பெட்டியில் ஒரு பெரிய துருப்பிடிக்காத எஃகு நட் இருந்தது. ஆனால் அதில் எண்ணெய் இருந்திருக்குமோ? சோப்புப் போட்டுக் கழுவினேன். சோப்பு ஒட்டியிருக்குமோ? வெந்நீரில் போட்டேன். அதுவும் போதாதென்று பிரஷர் குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டேன்.

"குக்கர்ல இன்னா வேவுது?" என்று மனைவி கேட்டாள்.

"நட்டு."

அவள் குக்கர் மூடியைப் பார்த்தாள். பிறகு, "சாம்பாருக்கா, கூட்டுக்கா?" என்றாள்.

நட்டைச் சுரைக்காய் வளையத்தில் நூலால் கட்டி இறக்கினேன். அழகாக மூழ்கியது. சக்கர் வரவில்லை. நான் தரையில் குப்புறப் படுத்து, மோவாயைக் கையில் வைத்துக் காத்திருந்தேன். எட்டு மணி ஷிப்ட் போனதே தெரியவில்லை. தெரிந்ததும் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். பதற்றத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "சார், லீவு வேணும். அக்காவோடது சார், மூணு வாரமா சாப்பாடே இல்ல. வயிறு ஒட்டிப் போச்சு. பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்."

"ஐயோ, பாத்துக்கோப்பா, பாத்துக்கோ" என்றார் அவர். அவ்வளவு சுலபமாக அவர் லீவு கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு அக்காவின் போன் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து.

"டேய், உன் சூப்பர்வைசர் பொண்டாட்டி போன் பண்ணி, 'தெம்பா இருங்க, எல்லாம் கடவுள் பாத்துப்பார்'னு சொல்லி அழுவுறா. எனக்கு இன்னாடா ஆச்சு?"

"உனக்கு ஒண்ணும் ஆகலக்கா."

"அப்பால யாருக்கு?"

நான் அவசரமாக ஒரு பொய் தேடினேன். கிடைக்கவில்லை. சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மருந்து வண்டி உருளும் ஓசை மட்டும் கேட்டது.

"பச்சய தேச்சிட்டியா?" என்றாள் கடைசியில். திட்டவில்லை. "பொழைக்குமாடா?"

"பொழைக்கும்க்கா" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் வாழ்க்கையில் ஓகே முத்திரை குத்தியது அந்த ஒருமுறைதான்.

மத்தியானம் கரண்ட் போனது. அது எங்கள் பகுதியில் நடப்பதுதான். ஆனால் அன்று திரைச்சீலைகள் மூடியிருந்ததால் கூடம் மங்கலானது. நான் டார்ச்சைத் தேடி எழப் போனேன், அப்படியே நின்றுவிட்டேன். மரத்துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் தலை வெளியே வந்தது. முன்னே ஒரு விரற்கடை. நின்றது. இன்னும் ஒரு விரற்கடை. சுரைக்காயின் ஓரத்தில் வாயை வைத்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது, டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டி எரிந்தது, சக்கர் ஒரே வால் வீச்சில் மரத்துக்கு அடியில் போய்விட்டது.

அது பசியில்லாமல் இருக்கவில்லை. ஜன்னலோரப் பச்சைக்குள் ஒளிந்து நிம்மதியாகத் தின்று வளர்ந்த மீனை நான் மேடையில் நிறுத்தி, விளக்குப் போட்டு, எதிரே குப்புறப் படுத்து, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, தின்னு தின்னு என்றால் எப்படித் தின்னும்? நானே தின்ன மாட்டேன்.

பீரோ மேலிருந்த கம்பளியை இழுத்துத் தொட்டி முழுக்கப் போர்த்தினேன். உள்ளே கும்மிருட்டு. எங்கள் பாட்டன்கள் தங்கச் சுரங்கத்துக்குள் இரும்புக் கூண்டில், கேஜில், இறங்கிப் போன இருட்டு இவ்வளவு இருந்திருக்கும். தங்கமீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றினேன். பிறகு மனைவி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "நீங்க மூச்சு விடற சத்தத்துலயே அது செத்துடும். மூணு மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது."

தெருவை ஒன்பது முறை சுற்றினேன். பத்தாவது சுற்றில் அவளே வாசலில் வந்து கையைக் காட்டினாள்.

கம்பளியைத் தூக்கினோம். சுரைக்காய் வளையத்தின் சதை முழுக்கப் போயிருந்தது. நட்டைச் சுற்றி, கண்ணாடிப் பேப்பர் மாதிரி, மெல்லிசான தோல் மட்டும். ஓரமெல்லாம் சின்னச் சின்னச் சுரண்டல் தடங்கள். அந்தத் தோலை வெளியே எடுத்துக் காலிப்பரில் அளந்தேன். காலையில் பன்னிரண்டு மில்லிமீட்டர். இப்போது ஒன்று. கூடத்தின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆள் இல்லை. சுரைக்காய், வெள்ளரி, சௌசௌ எல்லாம் தோல் சீவி முறைவைத்து இறங்கின. தொட்டியை ஜன்னலோரம் திருப்பினேன். மொட்டைமாடியில் ஒரு பக்கெட்டில் தண்ணீரும் கூழாங்கற்களும் போட்டு வெயிலில் வைத்தேன், பாசி பிடிக்க. தினம் மாடிக்குப் போய், பச்சை வந்துவிட்டதா என்று ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்ப்பேன். கறையைக் கண்டால் காத தூரம் ஓடுகிற நான், கறை பிடிக்கவில்லையே என்று கவலைப்பட்டேன். முதல் பச்சைக் கல்லை மனைவியிடம் காட்டியபோது, "நம்ம மூத்த புள்ள பாஸானப்பகூட நீங்க இவ்ளோ சிரிக்கல" என்றாள். சக்கரின் கரண்டிக்குழி மெல்ல மெல்ல மேடானது. தங்கமீன் விலாவில் புதுச் செதில் வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தாள். எனக்கு வணக்கம் கிடையாது, மனைவிக்கு விசாரிப்பு கிடையாது. நேராகத் தொட்டிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டப்பகல், கூடம் நிறைய வெளிச்சம். சக்கர் மரத்துண்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவள் முகத்துக்கு எதிரே கண்ணாடியில் வயிற்றைக் காட்டி ஒட்டிக்கொண்டது. கொழுக்கட்டை போன்ற வயிறு.

அக்கா விரலால் கண்ணாடியைத் தொட்டாள். மூக்கை உறிஞ்சினாள். "குண்டாயிட்டாண்டா" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள்.

"சொல்லு. சுரைக்காய எவ்ளோ நேரம் வேவ வெக்கணும்?"

பிறந்ததிலிருந்து என்னிடம் எதையும் கேட்டறியாத அக்கா. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மொதல்ல எழுதிக்கோ. உப்புப் போடக்கூடாது."

அவள் எழுதினாள்.