ஏரியில் கழுவிய பானை

மனைவி இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்த முதல் வசந்தம் அது. சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டைவிட்டு அவள் இறங்கியதெல்லாம் ஞாயிறு பூசைக்கும் தெருமுனை மரக்கறிக் கடைக்கும்தான். "என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கோ" என்று அடிக்கடி சொல்வாள். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் பலெர்மோவே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போகும். நானும் அவளை மலைமேல் உள்ள ஏரிக்கரைச் சிற்றூருக்கு அழைத்துப் போனேன்.

விசாரிக்காமல் கிளம்புகிறவன் அல்ல நான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடம், கரையில் நிழலுள்ள பக்கம், கழிவறைப் பூட்டின் திறப்பு கோப்பிக் கடையில் கிடைக்கும் என்பது, எல்லாம் கேட்டு வைத்திருந்தேன். ஊரும் சொன்னபடியே இருந்தது. பொன்னிறப் படங்கள் நிறைந்த கோயில், கை நீளத்துக்குக் கனோலி இனிப்பு விற்கும் கடைகள், கட்டிக் கிடந்த இரண்டு படகுகள். மனைவி எல்லாவற்றையும் பார்த்து "ஓம், வடிவாத்தான் இருக்கு" என்றாள். குரலில் ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அடிப்பிடித்த சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு கரையில் குந்தி, மண் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். கோப்பிக் கடைக்காரி கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"இஞ்சேரும், இது பலெர்மோ குடிக்கிற தண்ணியாம். எங்கடை பைப்பிலை வாறதும் இதுதானாம்" என்றேன்.

மனைவி எழுந்து, கடைக்காரியை நேரே பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "அப்ப ஒரு பலகையிலை எழுதிப் போட்டிருக்கலாமே! குளத்தைக் கண்டா ஆர்தான் கழுவமாட்டினம்?"

கடைக்காரி என்னிடம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்றேன்.

"பொய். மன்னிப்புக் கேட்கிற முகமா இது?" என்றாள் கடைக்காரி. பானையின் ஒரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த கல் தொட்டிக்கு நடந்தாள். மறு காதை மனைவி விடவில்லை. அங்கே கடைக்காரி கம்பித்தும்பு கொண்டுவந்து தேய்த்தாள். மனைவி தண்ணீர் ஊற்றினாள். ஒருத்தி இத்தாலியனிலும் ஒருத்தி தமிழிலுமாக, பானை பளிச்சிடும்வரை இருவரும் ஏசிக்கொண்டார்கள். நான் நடுவில் துவாயோடு நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "இஞ்சை வந்து இண்டைக்குத்தான் ஒராள் என்னோடை கதைச்சது."

"கதைக்கேல்லையப்பா, ஏசினவ."

"ஏசினாலும் என்னைப் பாத்தெல்லோ ஏசினவ. மற்றவை என்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு, மனிசிக்குச் சுகமோ எண்டு உங்களைத்தானே கேக்கினம்."

மலையிறக்கத்தில் என் முழங்கையில் இடித்தாள்.

"வாயை மூடு எண்டதுக்கு இத்தாலியன்லை என்ன?"

சொன்னேன். பஸ் நகரத்துக்குள் நுழையும்வரை, முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்த பிறகும், அவள் அதைப் பாடமாக்கிக்கொண்டே வந்தாள்.