பகவதி மன்னி எழுதாமல் போன பரீட்சை

தண்ணீர் தெளித்து அணைத்த கரியின் வாசனை... மத்தியானச் சமையல் முடிந்த எங்கள் கரமனை வீட்டு அடுக்களை அப்படித்தான் மணக்கும்.

அம்மா கண்ணயர்ந்ததும் பகவதி மன்னி ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவாள். தரைதான் எங்களுக்குக் கரும்பலகை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். மன்னி என் அண்ணாவின் மனைவி. சுசீந்திரத்துப் பெண். பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்னாலேயே கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். எப்படியோ எங்கள் அப்பாவைச் சம்மதிக்க வைத்து, தனியாக அந்தப் பரீட்சையை எழுத அனுமதி வாங்கியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, நான் முந்தின நாள் வகுப்பில் கற்றுவந்த கணக்கைத் தரையில் எழுதினேன்.

x + 7 > 12

"இது ஈக்வேஷன் இல்லை மன்னி. இடது பக்கம் பெரிசுன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஏழைக் கழிச்சா x > 5."

"கழிச்சப்புறமும் பெரிசு பெரிசாவே இருக்குமோ?"

"டீச்சர் அப்படித்தான் சொன்னா."

மன்னி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"கேட்டியா கோமு, நான் உன்னைவிடப் பெரியவ. அஞ்சு வருஷம் முன்னாடியும் பெரியவதான், அம்பது வருஷம் போனாலும் பெரியவதான். ரெண்டு பேருக்கும் அதே வருஷந்தானே கூடறது, குறையறது... அதாக்கும் இது!"

எனக்கு அன்றுதான் அந்தக் கணக்கு புரிந்தது.

"அப்போ x ஆறாவும் இருக்கலாம், அறுபதாவும் இருக்கலாமா?" என்று கேட்டாள் மன்னி.

"இருக்கலாம்."

"ஒரு கணக்குக்கு இத்தனை விடையா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா எழுந்துவிடக் கூடாதே!

அந்த மழைக்காலத்தில் அண்ணாவுக்குப் பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மன்னியும் மலை ஏறினாள். புத்தகங்களைப் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினாள்.

"பரீட்சைக்கு நானே கூட்டிண்டு வரேன்" என்றான் அண்ணா.

பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாவும் நானும் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். பஸ் வந்தது. அண்ணா மட்டும் இறங்கினான்.

"மன்னி எங்கே?"

"அவ உண்டாயிருக்கா. அந்த மலை வளைவிலெல்லாம் பஸ்ஸில் வரப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சாரமில்லை, போனால் போறது, அடுத்த வருஷம் எழுதட்டும்."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அண்ணாவின் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்... மலைமேல் மன்னி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று மட்டும் நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

நான் எழுதினேன், தேறினேன், கல்லூரிக்குப் போனேன்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கைக்குழந்தை. அதற்கடுத்த வருஷம் அம்மா படுக்கையில் விழ, மன்னிதான் கீழே வந்து பார்த்துக்கொண்டாள். பரீட்சை நடந்த பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

வயதான பிறகு மகனோடு ஃப்ளாட்டில் இருந்தாள். ஒருநாள் போயிருந்தேன். பேத்தி ஹாலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த மன்னி சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மன்னி?"

"x - 3 < 4-ன்னு கணக்கு. ரெண்டு பக்கமும் மூணைக் கூட்டி ஏழுன்னு வரணும். குழந்தை கழிச்சு ஒண்ணுன்னு எழுதியிருக்கா."

"போய்ச் சொல்லேன்."

"நான் எந்தப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கேன் கோமு, சொல்றதுக்கு?"



இப்போது எந்த வயதிலும், எங்கிருந்தும் பரீட்சை எழுதலாமாம். பொன்முடிக்கும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மன்னிதான் இல்லை...