நோயின் பெயர் எழுதும் கட்டம்

ஜெயபாரதிக்குப் பொய் எழுத வராது. அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றில், இன்சூரன்ஸ் கவுன்டரில், பதினோரு வருஷமாக அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு வார்த்தையை மாற்றினால் பாஸாகிவிடும் படிவத்தைக்கூட உள்ளது உள்ளபடிதான் எழுதுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "மாட்டிக்கினா வேலை பூடும் ஜலஜாக்கா" என்பாள்.

அவளை நான்தான் கெடுத்தேன்.

அவள் புருஷன் கருணாகரன் தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டியவர். எட்டு மாதமாகப் பெரும்பாக்கம் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஒருமுறை உயிரை விடவும் துணிந்துவிட்டார். எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. கடைசியில் எங்கள் மனநல டாக்டர், ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் கேட்டமைனைக் கொஞ்சமாக டிரிப்பில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். மொத்தம் ஆறு தடவை, தடவைக்கு ஒன்பதாயிரம். முதல் இரண்டுக்கு அவள் சங்கிலி போனது. இரண்டாவது ஏற்றிய மறுநாள் மனுஷர் தானாக எழுந்து ஷேவ் செய்துகொண்டாராம்.

மூன்றாவது டிரிப் வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டும். நடுவில் விட்டால் பழையபடி ஆகிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். மனச்சோர்வுக்கு இந்த மருந்தென்றால் பணம் கிடையாது என்று இன்சூரன்ஸில் முன்பே கைவிரித்துவிட்டார்கள்.

வியாழன் மதியம் நான் மேஜை டிராயரைத் திறந்தேன். அவசரத்துக்கென்று டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டுவைக்கும் வெற்றுப் படிவங்கள் அதில் இருக்கும். இதே மருந்தைத் தீராத வலிக்கும் கொடுப்பதுண்டு.

"முதுகுவலின்னு எழுதுடி. எவன் வந்து பாக்கப்போறான்?"

எழுதினாள். ரத்தப் பரிசோதனைக்காக வந்திருந்த கருணாகரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்சூரன்ஸிலிருந்து விசாரித்தால் முதுகுவலி என்று மட்டும் சொல்லச் சொன்னாள். நாலு தரம் சொல்லிக்கொடுத்தாள். அவர் தலையை ஆட்டினார்.

படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்பினோம். மூன்று மணிக்கு இன்சூரன்ஸிலிருந்து அவருக்குப் போன் வந்தது. ஜெயபாரதி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல், உங்களுக்கு என்ன தொந்தரவு சார் என்று கேட்டது. அவர் தன் மனைவியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"முதுகுலாம் ஒண்ணும் இல்லமா. மனசுதான் சரியில்ல. செத்துடலாம்னு தோணிக்கினே இருந்துச்சி. ரெண்டு தபா மருந்து ஏத்துனாங்கோ. நாலு நாளா அப்டி தோணல."

அட பாவி மனுஷா, மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டாயே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். திரும்பினால் ஜெயபாரதி அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் கேட்டும், இவள் காலைப் பிடித்துக் கேட்டும், எட்டு மாதமாக இதைச் சொல்லாத வாய் அது.

அரை மணியில் நிராகரித்தார்கள். விளக்கமும் கேட்டார்கள். யோசனை என்னுடையது என்று நானே எழுதிக் கொடுத்தேன். அதற்கான பலனை இன்னும் அனுபவிக்கிறேன், அது கிடக்கட்டும்.

அன்று சாயங்காலமே அவள் ஸ்கூட்டியை விற்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பணத்தைக் கட்டிவிட்டு அட்மிஷன் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். நோயின் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கருணாகரன் குனிந்து பார்த்தார்.

"உள்ளத எழுது பாரதி. இன்னும் மூணு தபா வரணும்ல."