பிரித்துப் பார்த்ததால் வந்த வினை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டுவது என் வேலை. வருகிறவர்கள் தயங்கினால், "பிரிச்சுப் பாருங்கமா, பிடிக்கலைன்னா மடிச்சு வெச்சிடலாம்" என்பேன். பிரித்தால்தானே முந்தி தெரியும்? அவர்கள் பாட்டுக்கு, "அவசரப்படுத்தாதீங்க, பாத்துட்டுத்தான் எடுப்போம்" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். மடிப்பது என் பாடு.

கடை விடுமுறையன்று மத்தியானம் நானும், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரரும், தாமலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையும் செல்போனில் ஆன்லைன் கேம் ஆடுவோம். அரக்கர்களை அடித்து லெவல் ஏற வேண்டும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

போன மாதம் மூவருக்கும் மேல்நிலை திறந்தது. இனி ஆளுக்கொரு தனித்திறமை எடுக்க வேண்டும். எடுத்தால் மாற்ற முடியாது. அவர் வாளையும் தங்கை வில்லையும் உடனே எடுத்துவிட்டார்கள். எனக்கு வந்தது இரண்டு. ஒன்று ஈட்டிக்காரி. இன்னொன்று ஹீலர், அதாவது விழுந்தவர்களுக்கு உயிர் கொடுத்து எழுப்புகிறவள்.

"நீ ஹீலர் எடுத்துக்கமா. உனக்குத்தான் பொறுமை இருக்குது" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்.

"ஆமாக்கா, நாங்க செத்தா யாரு எழுப்பறது?" என்றாள் ஸ்பீக்கரில் தங்கை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான், கடையில் மலை மலையாக மடிப்பது நான். விளையாட்டிலுமா? "ஈட்டிதான். பேச்சே இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்த ஹீலர் எப்படித்தான் இருப்பாள் என்று பார்க்க ஆசை. வெள்ளை உடுப்பு, தங்கக் கரை. முந்தி எப்படியோ என்று கை தானாகத் தொட்டது. ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. பிரித்துக் காட்டட்டுமா என்று கேட்கிறதாக்கும் என்று நினைத்து 'யெஸ்' அழுத்தினேன்.

டமடமவென்று மேளம். நான் ஹீலராகிவிட்டேன். மடித்து வைக்க வழியே இல்லை.

"அம்மன் நம்ம பக்கம்மா!" என்று அவர் குதித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே சூட்டோடு அடுத்த சண்டைக்குப் போனோம். ஹீலர் இருக்கிற தைரியத்தில் இரண்டு பேரும் முன்னால் ஓடி, அரக்கனிடம் அடிவாங்கி ஆளுக்கொரு பக்கம் விழுந்தார்கள். அரக்கன் குகைக்குள் போய்விட்டான். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுப்ப முடியும்.

"என்னமா பாத்துக்கினு இருக்கே? எழுப்புமா!"

"அக்கா, என்னைதான் மொதல்ல!"

விரலை அவர் மேல் கொண்டுபோனேன், தங்கை மேல் கொண்டுபோனேன், திரும்பவும் அவரிடம் வந்தேன். இத்தனை வருஷமாக அடுத்தவர்கள் எடுக்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறவள் நான். இன்றைக்கு நான் எடுப்பதற்காக இரண்டு பேர் தரையில் கிடக்கிறார்கள். சொல்ல முடியாத சந்தோஷமாக இருந்தது.

காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றேன். "பாத்துட்டுத்தான் எடுப்பேன்."